வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மழைக்காலம் தொடங்கினாலும் சரி, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் சரி, நம் வீடுகளில் தவறாமல் எட்டிப் பார்க்கும் நோய் வாந்தி பேதி. "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை", "பிள்ளைக்குப் பல் முளைக்கிறது", "சூடு பிடித்துவிட்டது" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி இரண்டு நாள் பார்ப்போம். பிறகு மருந்துக் கடைக்குப் போய், "வயிற்றால போகுது, நிற்கிற மாதிரி ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்போம். திடகாத்திரமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நோய் தானாகவே அடங்கிவிடும். மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

அதே நோய் ஒரு வயதுக் குழந்தைக்கோ எழுபது வயது முதியவருக்கோ வந்தால் நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வயிற்றுப்போக்கினால் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,40,000 குழந்தைகள் உலகெங்கும் இறக்கிறார்கள். இவர்களில் மிகப் பலரைக் காப்பாற்றத் தேவையானது சில ரூபாய் விலையுள்ள ஒரு பொட்டலமும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரும், அதைப் பொறுமையாக ஊட்டத் தெரிந்த ஒருவரும்தான். அந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 2 லிட்டர். அதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 6, 7 லிட்டர் குடலுக்குள் வந்து விழுகிறது. இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மி.லி. மட்டுமே.

குடலில் தொற்று ஏற்படும்போது இந்தக் கணக்கு குலைகிறது. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் போன்றவை குடலின் உட்சுவரைச் சேதப்படுத்தி, உறிஞ்சும் வேலையைக் கெடுக்கின்றன. காலராக் கிருமியும் சிலவகை ஈ.கோலை கிருமிகளும் வெளியிடும் நஞ்சு, குடல் சுவரைத் தண்ணீரும் உப்பும் கொட்டும்படி செய்துவிடுகிறது. சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா கிருமியும் அமீபாவும் பெருங்குடலைப் புண்ணாக்கி, சளியும் இரத்தமும் கலந்து போகச் செய்கின்றன. கெட்டுப்போன உணவில் கிருமிகள் ஏற்கெனவே சுரந்து வைத்த நஞ்சு இருந்தால், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கிவிடும்.

கிருமி எதுவானாலும் உடனடி ஆபத்து ஒன்றுதான்: உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவது. குழந்தையின் உடல் சிறியது. அதில் இருக்கும் நீரின் இருப்பும் சிறியது. ஒரு பெரியவர் அரை லிட்டரை இழந்தால் களைத்துப் போவார். பத்து கிலோ எடையுள்ள குழந்தை அரை லிட்டரை இழந்தால் கண் குழிவிழுந்து, வாய் உலர்ந்து, துவண்டுவிடும். காலராவின் கடும் தாக்குதலில் வளர்ந்த மனிதரே சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும்.

1971-ல் கிடைத்த பாடம்

நீரிழப்புதான் கொல்கிறது என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அதனால் நரம்பு வழியாக சலைன் ஏற்றினார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் அதுவும் பேதியாகவே போய்விடும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் உண்மை வெளிப்பட்டது. குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். கடுமையான பேதியின்போதும் இந்த வாசல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தாலோ, உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலோ இந்தப் பலன் கிடைக்காது. சரியான அளவில் இரண்டும் சேர வேண்டும்.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் போரிலிருந்து தப்பி, லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தபோது முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர ஊரான பங்காவோன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் முன்னால் நோயாளிகள் தரையில் வரிசையாகக் கிடந்தார்கள்; சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவருடைய குழுவினர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, பெரிய டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து ஊட்டச் சொன்னார்கள். தாயும் தந்தையும் அண்ணனும் அக்காவும் குவளை குவளையாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் 30 சதவீதத்தை எட்டிய இறப்பு விகிதம், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

சில ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இந்த முறையை உலகமெங்கும் கொண்டுசென்றன. அதுதான் இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் உப்புச் சர்க்கரைக் கரைசல். டாக்டர் மஹாலனாபிஸ் 2022-ல் காலமானார். மறுவருடம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. படிப்பறிவு குறைந்த, எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களே இதைச் செய்து தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள் என்றால், நம்மாலும் முடியும்.

கரைசலைச் சரியாகக் கலப்பது

* ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவை முதலில் படியுங்கள். ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, 200 மி.லி. பொட்டலமும் உண்டு.
* ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் கலப்பது தவறு. உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை.
* கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. கலந்த பிறகு மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது.
* அதில் சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது.
* மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

பொட்டலம் கைக்குக் கிடைக்கும்வரை வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கலந்ததைச் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

கடையில் அட்டைப் பெட்டிகளில் விற்கும் பழச்சுவை பானங்கள் சிலவற்றில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். இலவசமாகக் கிடைக்கும்.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேற்பட்டவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு கொடுக்கலாம். சிறு குழந்தைக்குப் பாட்டிலில் கொடுக்க வேண்டாம், கரண்டியால் ஊட்டுங்கள். பெரிய பிள்ளை கப்பிலிருந்து வாய் வாயாகக் குடிக்கட்டும்.

"கொடுத்ததெல்லாம் வாந்தி எடுத்துவிடுகிறது" என்று பல தாய்மார்கள் கைவிட்டுவிடுவது இங்கேதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்ற கணக்கில் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தியில் கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி உள்ளே தங்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தவுடன் பேதி நிற்காது. அதன் வேலை பேதியை நிறுத்துவது அல்ல, இழந்த நீரை ஈடுகட்டுவது. குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் இரண்டு, மூன்று, சில சமயம் ஏழு நாள்வரை உயிரையும் தெம்பையும் காத்து நிற்பதே அது செய்யும் உதவி. "கொடுத்தும் நிற்கவில்லையே" என்று நடுவில் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

"வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கணும்" என்று குழந்தையைப் பட்டினி போடுவது நம்மிடம் இருக்கும் பழைய பழக்கம். பேதியால் மெலிந்த குழந்தை பட்டினியால் இன்னும் மெலியும். மெலிந்த குழந்தைக்கு மறுபடியும் பேதி வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த சாதத்துடன் பருப்பு அல்லது தயிர், இட்லி, வாழைப்பழம், உப்பிட்ட மோர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பல வேளையாகக் கொடுங்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு தினமும் ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் சோடியம் உப்பு குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு அது ஈடாகாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம். கலர் சோடா, பாட்டில் ஜூஸ், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ ஆகியவை பேதியைக் கூட்டும்.

ஓ.ஆர்.எஸ்.ஸுடன் குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும், அதாவது ஜிங்க் மாத்திரையும், கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மி.கி. மாத்திரை ஒன்று, 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு அதில் பாதி. ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்ப வராமல் இருக்க அது உதவுகிறது.

எதைச் செய்யக் கூடாது?

* பேதியை உடனே நிறுத்தும் லோப்பரமைடு போன்ற மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. குடலின் அசைவு நின்று வயிறு உப்பி ஆபத்தாகலாம். இரத்தம் கலந்து போகும்போதோ கடும் காய்ச்சல் இருக்கும்போதோ பெரியவர்களும் அதை எடுக்கக் கூடாது.
* ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாக வாங்கிப் போடக் கூடாது. சிறு குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சீதபேதி, காலரா, டைஃபாய்டு போன்றவற்றுக்கு அது தேவைப்படும். எது எவ்வளவு நாள் என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.
* "குடல் ஏறிவிட்டது", "தொக்கம் விழுந்துவிட்டது" என்று தொக்கம் எடுக்கவும் வயிற்றைத் தட்டவும் சூடு வைக்கவும் அலைந்து நேரத்தை இழக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தை இழக்கும் தண்ணீரை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.
* "பல் முளைக்கும்போது பேதி வரும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் குழந்தை தவழ்ந்து கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. பேதி அந்த வழியில் வருகிறது.

எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

* கண்கள் குழிவிழுந்திருப்பது, அழுதால் கண்ணீர் வராமல் இருப்பது, நாக்கு உலர்ந்திருப்பது
* 6 மணி நேரத்துக்கும் மேல் சிறுநீர் போகாமல் இருப்பது
* வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மெதுவாக இறங்குவது
* குழந்தை துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, குடிக்க மறுப்பது
* கொடுத்தது எதுவும் தங்காமல் தொடர்ந்து வாந்தி, அல்லது வாந்தி பச்சை நிறமாக வருவது
* மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், விடாத வயிற்று வலி
* அரிசி கழுவிய தண்ணீர் போல் அடிக்கடி பெருமளவில் போவது
* 14 நாளுக்கு மேல் பேதி நீடிப்பது

2 மாதத்துக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நீரிழிவு, சிறுநீரக நோய் அல்லது இதய நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அன்றாடம் போடும் சில மாத்திரைகளை நீரிழப்பின்போது தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். "எனக்குச் சர்க்கரை நோய், ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே இருக்கிறது. பேதியின்போது அது தேவை. இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும், 108 ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போதும், நோயாளி விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் ஓ.ஆர்.எஸ். ஊட்டிக்கொண்டே இருங்கள்.

நோன்பு நாட்களில்

ரமலானில் பேதி வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள், "நோன்பு திறக்க இன்னும் மூன்று மணி நேரந்தானே, பொறுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதுண்டு. பேதியோடு தண்ணீரில்லாமல் கழியும் அந்த மூன்று மணி நேரத்தில் முதியவரின் இரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நோயாளிக்கு நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. அதை அவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் பொறுப்பு. விடாமல் பேதி போகும்போது அந்தச் சலுகையைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

வராமல் தடுக்க

கிருமி ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குப் போகிறது. கை, தண்ணீர், உணவு, ஈ ஆகியவைதான் அது போகும் வழிகள். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரில் நனைத்தால் மட்டும் போதாது. சானிடைசர் நோரோ வைரஸுக்குச் சரிவரப் பயன்படாது, சோப்புதான் வேண்டும். குடிநீரைக் குமிழிவிட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி வைத்து, கை படாமல் பிடியுள்ள குவளையால் எடுங்கள்.

வலீமா, கந்தூரி போன்ற விருந்துகளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. தேக்சாவில் பிரியாணி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும்; பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்துப் பரிமாறுங்கள். மிஞ்சியதைப் பகிர்ந்தளிப்பதானால் இரண்டு மணி நேரத்துக்குள் அளித்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர், அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை சமையலிலும் பரிமாறலிலும் ஈடுபடக் கூடாது. ஒரே சஹனில் நால்வர் கூடி உண்ணும் அழகிய பழக்கம் நம் ஊர்களில் உண்டு. நால்வரில் ஒருவர் கை சுத்தமில்லை என்றாலும் மற்ற மூவருக்கும் நோய் போகும். ஆகவே பந்தி நடக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயோடு சோப்பும் வையுங்கள்.

குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வாயில் கொடுக்கும் மருந்துதான், ஊசி இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும் பெரிய பாதுகாப்பு.

இன்றே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வாங்கி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் பாட்டில் எது என்று அளந்து வைத்து, கலக்கும் முறையை வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நள்ளிரவில் குழந்தைக்கு வாந்தி பேதி தொடங்கும்போது கடையும் திறந்திருக்காது, மருத்துவரும் இருக்கமாட்டார். அப்போது உதவப் போவது நீங்கள் முன்கூட்டியே கற்று வைத்த இந்தச் சிறிய விஷயம்தான்.